கைக்குத் தட்டுப்படாத படிவு: பைபாஸ் அறுவையில் மூளையைத் தக்கைகளிடமிருந்து காக்க எடுத்த முடிவுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் பின்னணியும்

நோயாளி 71 வயது ஆண். விசைத்தறித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டு பீடிப் பழக்கமும் பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் அவருக்கு இருந்தன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது என்று வந்தவருக்கு எடுத்த ஆஞ்சியோகிராமில், இடது பிரதானக் கரோனரி தமனியில் 70 சதவீத அடைப்பும் அதன் கிளைகளிலும் வலது கரோனரி தமனியிலும் முக்கியமான அடைப்புகளும் தெரிந்தன. இதயத்தின் சுருங்கும் திறன் ஓரளவு நன்றாகவே இருந்தது. இருநூறு மீட்டர் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுவார் என்பதை அவருடைய மனைவி சொல்லித்தான் அறிந்தோம். அவரோ அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்.

கழுத்துத் தமனிகளின் டாப்ளர் பரிசோதனையில் வலப்புறம் நடுத்தர அளவுச் சுருக்கம் இருந்தது. அதனால் எந்த அறிகுறியும் இதற்கு முன் வந்ததில்லை. மார்பு எக்ஸ்ரே அறிக்கையின் கடைசி வரியில் 'பெருந்தமனி வளைவில் சுண்ணாம்புக் கீற்று' என்று எழுதப்பட்டிருந்தது. இந்த வயதில் பலருடைய எக்ஸ்ரேயிலும் காணப்படும் வரி என்பதால் அதற்கு நாங்கள் யாரும் உரிய கனம் கொடுக்கவில்லை. கால் தமனி நோய், கழுத்துத் தமனிச் சுருக்கம், வளைவில் சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருந்தால், இந்த மனிதரின் ஏறு பெருந்தமனி (இதயத்தில் இருந்து மேலெழும் பகுதி) சுத்தமாக இருக்க வாய்ப்பில்லை என்று அறுவைக்கு முந்தைய நாளே சொல்லியிருக்கலாம். அவை மூன்று வெவ்வேறு தாள்களில் இருந்தன.

முதலில் வகுத்த திட்டம் வழக்கமானது. இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு இதயத்தை நிறுத்தி, இடது மார்பு உள்தமனியை இதயத்தின் முன்புறத் தமனியிலும், காலில் இருந்து எடுக்கும் சிரைகளைப் பக்கவாட்டு, பின்புறத் தமனிகளிலும் இணைப்பது என்று அறுவை மருத்துவர் முடிவு செய்திருந்தார். இடது பிரதானத் தமனி நோயில், துடிக்கும் இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரியக்கூடும் என்பதே இயந்திரத்தைத் தேர்ந்ததற்கான காரணம். அந்தக் காரணத்தில் தவறு இல்லை. இந்த ஆய்வை எழுதும் நான் அன்று மயக்க மருத்துவராக இருந்தேன்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

பைபாஸ் அறுவையில் மூளைக்குச் செல்லும் தக்கைகள், அதாவது ரத்தத்தோடு போய்த் தமனியை அடைக்கும் துகள்களும் குமிழிகளும், பலவகைப்பட்டவை. இயந்திரத்தின் குழாய்களில் இருந்து காற்றுக் குமிழிகள் வரலாம்; மார்புக் குழியில் தேங்கிய ரத்தத்தை உறிஞ்சித் திருப்பி அனுப்பும்போது அதனுடன் கொழுப்புத் துளிகள் சேரலாம்; ரத்தம் உறைந்த சிறு கட்டிகளும் உண்டு. இவற்றை எதிர்கொள்ள இயந்திரத்தின் தமனிப் பாதையில் 40 மைக்ரான் அளவிலான வடிகட்டி இருக்கிறது. குமிழிகளை உணரும் கருவி இருக்கிறது. இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டின் கண் இருக்கிறது. ஆனால் மிகப் பெரிய ஆபத்து வடிகட்டிக்கு அப்பால்தான் தொடங்குகிறது. இயந்திரத்தில் இருந்து வரும் ரத்தம் கேனுலா என்னும் குழாய் வழியாக ஏறு பெருந்தமனிக்குள் பாய்கிறது. அந்தக் கேனுலாவைச் செருகும் இடத்திலும், கிளாம்ப் போட்டு நெரிக்கும் இடத்திலும், சிரையின் மேல்முனையைத் தைக்கும் இடத்திலும், வேகமாகப் பாயும் ரத்தம் வளைவின் சுவரில் மோதும் இடத்திலும் கொழுப்புப் படிவு இருந்தால், அது உடைந்து மூளைக்குப் போவதைத் தடுக்க இடையில் எந்த வடிகட்டியும் இல்லை.

அமெரிக்காவின் 24 மருத்துவமனைகளில் 2,108 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 6 சதவீதத்தினருக்கு மூளை சார்ந்த சிக்கல் வந்தது. அதில் பாதி, பக்கவாதம் போன்ற கடுமையான வகை. அந்த வகைக்கு முன்னறிகுறியாக மிக வலுவாக நின்றது ஏறு பெருந்தமனியின் கொழுப்புப் படிவே. பெருந்தமனிக்குள்ளேயே ஒரு வலையை விரித்து உடைந்த துகள்களைப் பிடிக்கும் கருவியும் பின்னர் சோதிக்கப்பட்டது. பெரும்பாலான நோயாளிகளிடம் வலையில் ஏதோ ஒரு துகள் சிக்கியது, ஆனால் பக்கவாத எண்ணிக்கை குறையவில்லை. உடைந்ததைப் பிடிப்பதைவிட உடைக்காமல் இருப்பது மேல் என்று நான் நம்பத் தொடங்கியது அந்த முடிவைப் படித்த பிறகுதான்.

அறுவை அரங்கில் கண்டவை

மார்பெலும்பு திறக்கப்பட்டு, இடது மார்பு உள்தமனி பிரித்தெடுக்கப்பட்டது. அதே நேரத்தில் உதவி மருத்துவர் இடது காலில் இருந்து சிரையை எடுத்து முடித்திருந்தார். இதய உறை திறந்ததும் அறுவை மருத்துவர் பெருந்தமனியை விரல்களால் தடவிப் பார்த்தார். வலப்பக்கத்தில் நகம் அளவில் ஓர் இடம் கெட்டியாக இருப்பதாகவும், கேனுலா செருகும் இடம் மென்மையாக இருப்பதாகவும் சொன்னார்.

அதற்குச் சற்று முன்பு நான் உணவுக்குழாய் வழி எக்கோவில் இறங்கு பெருந்தமனியை (வளைவைத் தாண்டிக் கீழே செல்லும் பகுதியை) பார்த்திருந்தேன். அங்கே படிவின் தடிமன் 5 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தது, அதாவது ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் நான்காம் படி. ஏறு பெருந்தமனியின் கீழ்ப்பாதி நன்றாகவே தெரிந்தது. கேனுலா போகும் மேல்பாதியை அந்த எக்கோ காட்டாது. உணவுக்குழாய்க்கும் பெருந்தமனிக்கும் நடுவே காற்று நிரம்பிய மூச்சுக்குழாய் குறுக்கிடுவதால் அந்தப் பகுதி எப்போதும் இருட்டாகவே இருக்கும். இறங்கு பெருந்தமனி இவ்வளவு கெட்டிருக்கும்போது, இருட்டில் இருக்கும் பகுதி மட்டும் நன்றாக இருக்கிறது என்று விரலை நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரலுக்குச் சுண்ணாம்பு தட்டுப்படும். மென்மையான கொழுப்புப் படிவு தட்டுப்படாது. எளிதில் உடைவது இரண்டாவது.

இயந்திரத்துக்கு முன் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். கழுத்துச் சிரையில் ஊசி போடப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் புரோபை, நுண்ணுயிர் நீக்கிய உறைக்குள் சலைனோடு இட்டு, இதய உறைக்குள் வெதுவெதுப்பான சலைன் ஊற்றி, பெருந்தமனியின் மேலேயே வைத்துப் பார்த்தோம். முழுவதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கேனுலாவுக்குக் குறித்திருந்த இடத்துக்கு நேர் பின்சுவரில் 6 மி.மீ. தடிமனில் ஒரு படிவும், அதன் விளிம்பில் ஒவ்வொரு துடிப்புக்கும் கொடியைப் போல அசையும் ஒரு சிறு துண்டும் தெரிந்தன. அசையும் துண்டு என்றால் ஐந்தாம் படி. அரங்கில் இருந்த அனைவரும் திரையைப் பார்த்தோம். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது

கேனுலாவைத் தொடையின் தமனியில் செருகலாம் என்பது முதலில் எழுந்த யோசனை. அப்படிச் செய்தால் ரத்தம் கெட்டுப்போன இறங்கு பெருந்தமனி வழியாகக் கீழிருந்து மேலாகப் பாய்ந்து, அங்குள்ள படிவுகளையே மூளையை நோக்கித் தள்ளும் என்பதால் அது உடனே கைவிடப்பட்டது. வலது அக்குள் தமனியில் கேனுலா செருகினால் பாய்ச்சலின் ஆபத்து குறையும். ஆனால் இதயத்தை நிறுத்தப் பெருந்தமனியில் கிளாம்ப் போட்டாக வேண்டும், அதுவும் அந்த அசையும் துண்டின் அருகிலேயே. இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே தைத்துவிட்டு, சிரைகளின் மேல்முனைக்கு மட்டும் பெருந்தமனியைப் பகுதி கிளாம்ப் கொண்டு பிடிப்பது மூன்றாவது வழி. இயந்திரத்தைத் தவிர்த்ததாலேயே மூளை காக்கப்படும் என்று எண்ணுவோர் இந்த வழியில் நிற்பார்கள். 4,752 நோயாளிகளைக் கொண்டு 2012-இல் முதல் முடிவுகள் வெளியான பன்னாட்டு ஆய்வில், இயந்திரத்தோடும் இயந்திரம் இன்றியும் செய்த அறுவைகளுக்கு இடையே 30 நாள் பக்கவாத விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருந்தமனியைக் கிளாம்ப் தொட்டால் ஆபத்து தொடர்கிறது என்பதே அதற்கு எங்கள் விளக்கம்.

எஞ்சியது, பெருந்தமனியைத் தொடவே தொடாத வழி. வலது மார்பு உள்தமனியையும் பிரித்தெடுத்து, அதன் வேரை இடது உள்தமனியின் பக்கத்தில் ஒய் வடிவில் தைத்து, அந்த ஒன்றிலிருந்தே பக்கவாட்டுத் தமனிக்கும் பின்புறத் தமனிக்கும் தொடர்ச்சியாக இணைப்பது. இதற்கு மூன்று விலைகள் இருந்தன. ஒன்று, சர்க்கரை நோயாளியின் மார்பெலும்புக்கு ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளையும் எடுத்துவிடுவதால் காயம் ஆறுவதில் சிக்கல் வரலாம். இரண்டு, எடுத்து வைத்த சிரை வீணாகும். இல்லாத தேவைக்குக் காலில் நீண்ட தையல் மிச்சமாகும். மூன்றாவதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது: இதயத்துக்குச் செல்லும் புதிய ரத்தம் அனைத்தும் இடது தோள்பட்டைத் தமனி ஒன்றையே நம்பியிருக்கும். காலிலும் கழுத்திலும் தமனி நோய் உள்ளவருக்கு அங்கேயும் சுருக்கம் இருந்தால் எல்லாம் பாழ். இரு கைகளிலும் ரத்த அழுத்தத்தை அளந்தோம். வேறுபாடு 6 மி.மீ. மட்டுமே. வெட்டப்பட்ட இடது உள்தமனியின் முனையில் ரத்தம் வலுவாகத் துள்ளியது. அந்த இரண்டையும் வைத்து முன்னேற முடிவு செய்தோம்.

அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு அரங்கின் வாசலுக்குப் போய் நோயாளியின் மகனிடம் திட்டம் மாறுவதையும் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தார். ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் முறை மாற்றப்படலாம்' என்ற அச்சிட்ட வரி இருக்கத்தான் செய்தது. அதை நம்பி வெளியே போகாமல் இருந்திருக்கலாம். போனது சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

அறுவை நடந்த விதம்

இடது பிரதானத் தமனி நோயில் துடிக்கும் இதயத்தில் வேலை செய்வதற்கு முன், பெருந்தமனிக்குள் பலூன் பம்ப் வைத்து உதவுவது பலருடைய வழக்கம். இந்த நோயாளிக்கு அதைத் தொடை வழியாக ஏற்றினால் இறங்கு பெருந்தமனியின் படிவுகளை உரசிக்கொண்டே போகும். ஆகவே அதையும் விலக்கினோம். அவசரமாக இயந்திரத்துக்கு மாற நேர்ந்தால் பதற்றத்தில் பெருந்தமனியிலேயே கை போய்விடக் கூடாது என்பதற்காக, வலது அக்குள் தமனியை முன்கூட்டியே வெளிப்படுத்தி வைத்தோம். இயந்திரம் தயார் நிலையில் நின்றது.

முதலில் முன்புறத் தமனி இணைக்கப்பட்டது. இதயத்தைத் தூக்குவதற்கு முன் அதன் பெரும்பகுதிக்கு ரத்தம் கிடைக்கச் செய்வதே இந்த வரிசையின் நோக்கம். தைக்கும் இடத்தில் ரத்தத்தை ஊதி விலக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக, சலைன் துளியோடு கலந்த கார்பன் டை ஆக்ஸைடு பயன்படுத்தினோம். அது ரத்தத்தில் எளிதில் கரைவதால் குமிழியாக நின்று தக்கையாகும் வாய்ப்பு குறைவு.

பக்கவாட்டுத் தமனிக்காக இதயத்தைத் திருப்பியபோது சராசரி ரத்த அழுத்தம் 50-க்கு இறங்கியது. நெற்றியில் ஒட்டியிருந்த உணரிகளில் மூளையின் ஆக்ஸிஜன் அளவு இடப்புறம் 64-இலிருந்து 51-க்கு விழுந்தது. தொடக்க அளவில் 20 சதவீதம் குறைந்தால் தலையிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அந்த எல்லையை எட்டிவிட்டது. தக்கையைத் தவிர்க்கப் போய் ரத்தம் போதாமல் மூளையைக் கெடுத்துவிடக் கூடாது. தைப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லி இதயத்தை அதன் இடத்தில் திரும்ப வைத்தோம். தலைப்பக்கம் தாழ்த்தி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் அளவைக் கூட்டி, நான்கு நிமிடம் காத்திருந்தோம். வலப்பக்க நுரையீரல் உறையைத் திறந்து இதயம் அந்தப் பக்கம் சாய இடம் கொடுத்த பிறகு, இரண்டாம் முறை அழுத்தம் 65-க்குக் கீழ் போகவில்லை. மீதி இணைப்புகள் அமைதியாக முடிந்தன. ஒய் இணைப்பின் தண்டில் ஓட்டத்தை அளந்து, போதுமானதாக இருப்பதை உறுதி செய்துகொண்டு மார்பை மூடினோம். பெருந்தமனியில் ஓர் ஊசிகூட ஏறவில்லை.

ஏழு மணி நேரத்துக்குப் பின் செயற்கைச் சுவாசத்துக்காக வைத்த குழாய் எடுக்கப்பட்டது. அவர் நான்கு கைகால்களையும் அசைத்தார், பெயர் சொன்னார், மகன் வந்துவிட்டானா என்று கேட்டார். நாங்கள் வெற்றி என்றே எண்ணினோம்.

அதன் பிறகு நடந்தது

மூன்றாம் நாள் இரவு 11 மணிக்கு நாடித்துடிப்பு ஒழுங்கிழந்து 140-ஐத் தொட்டது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகள் தாளமின்றித் துடிக்கும் நிலை. இதய அறுவைக்குப் பின் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இது மிகப் பலருக்கு வருவதுதான். தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் கொடுத்ததில் விடியற்காலை 6 மணிக்குச் சீரான தாளம் திரும்பியது. ஏழு மணி நேரம் மட்டுமே நீடித்ததாலும், மார்பு வடிகுழாய்கள் அன்றுதான் எடுக்கப்பட்டிருந்ததாலும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கப்படவில்லை.

அவர் அறுவைக்கு முன் எடுத்துவந்த, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து, நார்அட்ரினலின் ஓடியதால் முதல் நாள் நிறுத்தப்பட்டது. நார்அட்ரினலின் மறுநாள் காலையே நின்றுவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வார்டுக்கு மாற்றும்போது பீட்டா பிளாக்கரைத் திரும்பத் தொடங்கும் உத்தரவு எழுதப்படவில்லை. இரண்டு நாள் அந்த மருந்து இல்லாமலேயே அவர் இருந்திருக்கிறார். வழக்குத்தாளைப் பின்னர் புரட்டியபோதுதான் இதைக் கண்டோம்.

ஐந்தாம் நாள் காலைச் சிற்றுண்டியின்போது அவருடைய மனைவி செவிலியரை அழைத்து, “சிஸ்டர், வலது பக்கம் எதை வச்சாலும் இவரு எடுக்கவே மாட்டேங்கிறாரு” என்றார். தட்டின் இடப்பாதியில் இருந்த இட்லி தீர்ந்திருந்தது. வலப்பக்கச் சட்னிக் கிண்ணமும் தண்ணீர் டம்ளரும் தொடப்படவில்லை. கைகால் வலிமையில் குறை இல்லை. பேச்சும் தெளிவாக இருந்தது. சோதித்தபோது இரு கண்களிலும் வலப்பாதிப் பார்வை இல்லை. இதயத் துடிப்பைத் தூண்ட வைத்திருந்த தற்காலிக பேஸிங் கம்பிகள் முந்தைய நாளே எடுக்கப்பட்டிருந்ததால் எம்ஆர்ஐ எடுக்க முடிந்தது. இடது பின்மண்டைப் பகுதியில் ஒரு சிறு ரத்த ஓட்டத் தடை தெரிந்தது. பெரிய தமனி எதுவும் அடைபடவில்லை. பெரிய அறுவை நடந்து ஐந்தே நாளில் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க இயலாது. இயந்திர முறையில் எடுப்பதற்கும் அங்கே கட்டி இல்லை.

தமிழில் நாம் பக்கவாதம் என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல் ஒரு பக்கக் கைகால் விழுவதை மட்டுமே நினைவுக்குக் கொண்டுவருகிறது. வார்டில் இருந்த கண்காணிப்புத் தாளிலும் கை, கால், பேச்சு என்று மூன்றே கட்டங்கள். மூன்றிலும் அன்று காலை 6 மணிக்குச் சரி என்று குறிக்கப்பட்டிருந்தது, அது உண்மையும்கூட. பார்வைக்குக் கட்டம் இல்லை.

தக்கை எங்கிருந்து வந்தது என்று அடுத்த கூட்டத்தில் விவாதித்தோம். அறுவையின்போதே போயிருந்தால் மயக்கம் தெளிந்தவுடன் தெரிந்திருக்கும் என்பதும், இரண்டு நாட்களாக மனைவி எந்தக் குறையையும் பார்க்கவில்லை என்பதும் இதய மேலறையையே சுட்டின. தாளம் சீரான பின்பும் மேலறையின் சுவர் சில நாட்கள் சோம்பியே இருப்பதால், கட்டி அப்போதும் உருவாகிக் கிளம்பலாம். பெருந்தமனி வளைவின் படிவிலிருந்து அது தானாகவே உதிர்ந்திருக்கலாம் என்று இளைய மருத்துவர் ஒருவர் வாதிட்டார். அதை மறுக்க எங்களிடம் சான்று இல்லை.

முடிவும் தொடர் நிலையும்

எட்டாம் நாள், எம்ஆர்ஐயில் ரத்தக் கசிவு இல்லை என்பதை உறுதி செய்த பிறகு, உறைவு தடுக்கும் மாத்திரை தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார். மார்புக் காயத்தின் கீழ்முனையில் மேலோட்டமான கசிவு ஏற்பட்டு, மூன்று வாரம் கட்டு மாற்றிய பின் ஆறியது. இரண்டு உள்தமனிகளையும் எடுத்ததற்கான விலையாகவே அதைக் கருதுகிறோம். ஆறாம் வாரத்தில் பார்வைக் குறை வலப்பக்கத்தின் மேல் கால்வாசிப் பகுதிக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சு வலி இல்லை. மொபெட் ஓட்ட வேண்டாம் என்று சொன்னதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

நடைமுறையில் மாறியவை

65 வயதைக் கடந்தவர்களுக்கும், காலிலோ கழுத்திலோ தமனி நோய் உள்ளவர்களுக்கும், எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு தெரிபவர்களுக்கும் அறுவைக்கு முன் சாய மருந்து இல்லாத மார்பு சிடி ஸ்கேன் இப்போது எடுக்கப்படுகிறது. அது சுண்ணாம்பைக் காட்டும், மென்மையான படிவைக் காட்டாது. ஆகவே அரங்கில் பெருந்தமனியின் மேல் அல்ட்ராசவுண்ட் பார்ப்பதற்கு அது மாற்றாகாது. இத்தகையவர்களில் அந்தப் பரிசோதனை முடிந்து திட்டம் உறுதியாகும்வரை காலில் கத்தி வைப்பதில்லை. முன்கைத் தமனியை எடுக்கலாமா என்பதற்கான சோதனை எல்லோருக்கும் முந்தைய நாளே செய்யப்படுகிறது. அன்று அது செய்யப்பட்டிருந்தால், வலது உள்தமனியை விட்டுவிட்டு முன்கைத் தமனியையே ஒய் இணைப்புக்குப் பயன்படுத்தி மார்பெலும்பைக் காத்திருக்கலாம்.

வார்டுக்கு மாற்றும் தாளில் பீட்டா பிளாக்கருக்குத் தனி வரி சேர்க்கப்பட்டது. தொடங்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். கண்காணிப்புத் தாளில் பார்வைக்கான கட்டம் வந்துவிட்டது. செவிலியர் நோயாளியின் எதிரே நின்று இரு பக்கமும் விரல் காட்டி எண்ணச் சொல்கிறார். அரை நிமிட வேலை.

ஒரு கேள்வியில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. சில மணி நேரமே நீடித்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, பெருந்தமனி இவ்வளவு கெட்டுப்போனவர்களிடம், உறைவு தடுக்கும் மருந்தை உடனே தொடங்கலாம் என்பது என் கருத்து. இதய உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தை அழுத்திய ஒரு நோயாளியை நினைவில் வைத்திருக்கும் அறுவை மருத்துவர் அதை ஏற்கவில்லை. இப்போதைக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுத்து, அந்த முடிவை நேரத்தோடு வழக்குத்தாளில் எழுதுகிறோம்.